முடிஞ்சுது என்று சொன்னவள்

ஈப்போ பக்கத்துச் செமோர் டவுன் சீனர் கடை நாள்காட்டித் தாள் ஒன்று என் அலமாரியில், சேலைகளுக்கு அடியில் கிடக்கிறது. அதன் பின்பக்கம் முழுக்க என் நாத்தனார் பென்சிலால் எழுதிய இங்கிலீஷ். எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனாலும் அந்தத் தாளில் உள்ள ஒவ்வொரு சொல்லும் எனக்கு மனப்பாடம்.

எழுபதுகளின் கடைசி. புருஷன் விட்டுப்போன பிறகு அவள் எங்களோடுதான் தோட்டத்து வீட்டில் இருந்தாள். காலையில் இரண்டு பேரும் பால்மரம் வெட்டப் போவோம், ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. வாரத்தில் இரண்டு சாயங்காலம் பஸ் ஏறி ஈப்போவுக்கு இங்கிலீஷ் வகுப்புக்குப் போவாள். ஏதாவது கிளினிக்கில் வேலைக்குச் சேர வேண்டும் என்று ஆசை. "முப்பத்தஞ்சு வயசுல ஏ பி சி டியா? மரங்கூட சிரிக்கும்லா" என்பேன். கோபித்துக்கொள்ள மாட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை நான் விளக்கேற்றும்போது அவள் இந்தத் தாளில் எழுதிவைத்ததைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். ரன் அவுட், டை அவுட், ஃபேட் அவே. அர்த்தம் கேட்டேன். எல்லாமே தீர்வது, அழிவது, மங்கி மறைவது. "விளக்கு வச்ச நேரத்துல படிக்கிற படிப்பா இது?" என்று கத்தினேன். நான் வளர்ந்த வளர்ப்பு அப்படி. அரிசி தீர்ந்தால் இல்லை என்று சொல்ல மாட்டோம், நிறைஞ்சிருக்கு என்போம். விளக்கை அணைக்க மாட்டோம், குளிர வைப்போம். அவள் சிரித்தாள். "உங்க வாயில எதுவுமே முடியாது போலிருக்கே அண்ணி. வெள்ளக்காரன் பாருங்க, முடியிறதுக்கே இத்தனை சொல்லு வச்சிருக்கான்."

அடுத்த வருஷம், ரப்பர் மரங்களைச் சாய்த்து, எண்ணெய் எடுக்கிற செம்பனை நடப் போவதாகப் பேச்சு வந்தது. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் இங்கிலீஷில் ஒரு காகிதம் ஒட்டினார்கள். "கொஞ்சம் கொஞ்சமாத்தான் மாத்துவாங்க, பயப்படாதீங்க" என்றார் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. அவரும் என்னைப் போல, கெட்டதை வாயால் சொல்லாத மனுஷன். நாத்தனார் முன்னால் போய் விரல் வைத்துப் படித்தாள். திரும்பி, எல்லார் முன்னாலும் சொன்னாள்: "முடிஞ்சுது அண்ணி. மூணு மாசத்துல வேலையும் இல்ல, வீடும் இல்ல."

ஒரு வாரம் அவளோடு நான் பேசவில்லை. அந்த வாரத்துக்குள் என் வீட்டுக்காரர் ஈப்போவில் வாடகைக்கு இடம் பார்த்துவிட்டார். கிராணியை நம்பிக் காத்திருந்த குடும்பங்கள் கடைசி நாளில் சட்டி பானையோடு ரோட்டோரம் நின்றன. ஈப்போவில் அவளுக்கு ஆசைப்பட்டபடியே கிளினிக் வேலையும் கிடைத்தது. அன்று நீ சொன்னது சரி என்று ஒருநாளும் அவளிடம் நான் ஒப்புக்கொள்ளவில்லை. வீம்புதான், வேறென்ன.

எண்பதுகளின் நடுவில் அவளுக்கு வயிற்றில் கட்டி. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டு மலாயில் விஷயத்தைச் சொன்னார். உள்ளே வந்தேன்.

"என்ன சொன்னாரு அண்ணி?"

"சரியாயிடும் புள்ள."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது உங்க பேச்சு. என் பேச்சுல சொல்லுங்க."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "முடிஞ்சுது புள்ள. ரெண்டு மாசந்தான்னு சொல்றாரு."

நீளமாக மூச்சு விட்டாள். "அப்ப இங்க எதுக்குப் படுத்துக் கிடக்கணும்? நாளைக்கே வீட்டுக்குப் போலாம் அண்ணி." போனோம். அந்த இரண்டு மாசமும் என் சமையலுக்கு உப்புக் குறை சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இன்றும் அரிசி தீர்ந்தால் மருமகளிடம் நிறைஞ்சிருக்கு என்றுதான் சொல்கிறேன். அது மாறாது. ஆனால் இந்தத் தாளை எடுக்கும்போதெல்லாம் பென்சில் எழுத்து இன்னும் கொஞ்சம் மங்கியிருக்கிறது. மங்கவில்லை என்று நான் சொல்வதில்லை.