எதிரெதிர் வண்டிகள்

சங்கரன்கோவில் ஸ்டேஷனில் நான் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த காலம். ஞாயிறு மாலை தென்காசி வண்டியும் விருதுநகர் வண்டியும் அங்கேதான் ஒன்றையொன்று கடக்கும்.

அந்த வண்டிகளுக்கு வாராவாரம் மனைவியோடு வருவார் ஒருவர்; வெளியூர்க் கல்லூரியில் ரசாயனம் சொல்லித்தருபவர். ஒல்லியான உடம்பு, ஆசிட் தெறித்துப் பொத்தல் விழுந்த சட்டை. பள்ளிக்கூட டீச்சரான மனைவியைத் தென்காசி வண்டியில் உட்காரவைத்து, கூஜாவில் தண்ணீர் பிடித்துக் கொடுத்துவிட்டு, ஓடிப்போய் விருதுநகர் வண்டியில் ஏறுவார்.

ஒருநாள் இரண்டு வண்டியும் தாமதம். "வாராவாரம் ஆளுக்கொரு திக்கா போறீங்களே சார், இதென்ன குடித்தனம்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உப்ப நெறைய தண்ணியில கரைச்சு கரண்ட விட்டா, சோடியம் இங்கன போவும், குளோரைடு அங்கன போவும் அண்ணாச்சி. தண்ணி தாராளமா இருந்தா ஒண்ண ஒண்ணு புடிச்சு இழுக்காது. ஆனா மொத்தம் எவ்வளவு கரண்டு போச்சுன்னு ரெண்டு பங்கையும் கூட்டித்தான் எழுதுதோம்."

வண்டிகள் போனபின் இரண்டின் புகையும் நடுவானில் கலந்து நின்றது. என் மனைவிக்குப் பாளையங்கோட்டையில் ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்த கடிதத்தை, அவளுக்குச் சொல்லாமல் மூன்று நாளாகச் சட்டைப்பையில் வைத்திருந்தேன்.

அவருடைய உப்புக் கணக்கு எனக்கு இன்றும் முழுதாகப் பிடிபடவில்லை. அன்று வீட்டுக்குப் போனதும் கடிதத்தை அவள் கையில் கொடுத்து, "ஒரு கூஜா வாங்கணும்" என்று மட்டும் சொன்னேன்.