கப்பலை முந்திய கடிதம்

என் கணவர் சைகோனில் குமாஸ்தா. எதையும் மறைக்காமல் எழுது என்று சொல்லிவிட்டுப் போனவர். கைக்குழந்தைக்கு ஜன்னி கண்ட அன்று, "பிள்ளை தங்காது போலிருக்கிறது" என்று எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. கடிதமோ கப்பலேறிவிட்டது. அதைப் படித்தால் வேலையை உதறிவிட்டுப் புறப்பட்டுவிடுவார்.

வில்லியனூர் கடைவீதியில் பனங்கற்கண்டு வாங்கப் போனபோது, கடைக்கார பாயிடம் சொல்லி அழுதுவிட்டேன். அவர் தம்பிக்கும் சைகோனில்தான் கடை.

"இன்னாத்துக்கு அழுவுற தங்கச்சி? கப்பல் போய்ச் சேர மூணு வாரம் ஆவும். ரயில்ல கல்கத்தாவுக்கு அனுப்பினா, அங்கேர்ந்து ஏரோப்ளேன் மூணு நாள்ல எறங்கிடும். இப்பவே எழுது. நான் புதுச்சேரிக்குத்தான் போறேன், தபால்ல சேர்த்துடறேன்."

பூகோளம் படித்த எனக்கு இது தோன்றவில்லை. அவர் தராசை நகர்த்தி இடம் கொடுத்தார். "பிள்ளை சுகம். கப்பலில் வரும் கடிதத்தைப் பிரிக்க வேண்டாம்" என்று எழுதினேன். பிரிக்காமல் இருப்பாரா என்ற பயம் மட்டும் போகவில்லை.

என் கணவரின் பதிலோடு என் பழைய கடிதமும் வந்தது, ஒட்டியது ஒட்டியபடி. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பாயிடம் காட்டினேன். உறையைத் திருப்பிப் பார்த்தவர், "கப்பல் தோத்துப்போச்சி தங்கச்சி" என்று சிரித்தார்.

அந்தக் கடிதத்தை நானும் பிரிக்காமலே அடுப்பில் போட்டேன். என் கணவருக்கு ஒரு நாள்கூடத் தெரியாமல் போன அந்தத் துக்கத்துக்காக இன்றும் பாயை நினைத்துக்கொள்கிறேன்.