சோமசுந்தரத்தின் இடது கால்

மந்தாரக்குப்பத்தில் வேன் வைத்திருப்பவர்களுக்கு மெக்கானிக் தங்கராசு சொன்னால் சொன்னதுதான். அதில் அவருக்குத் தலைக்கனமும் உண்டு. வந்தவர் குறையைச் சொல்லி முடிப்பதற்குள் இவர் தீர்ப்பைச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்து தொலைக்கும், அதுதான் வினை.

நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கான்ட்ராக்ட் தொழிலாளர்களை ஏற்றிப்போகும் வேன் ஒன்று, கியர் விழவில்லை என்று அவரிடம் வந்தது. ஓட்டி வந்தவன் சோமசுந்தரம். கூடவே வேன் முதலாளி ஜெயப்பிரகாஷும் வந்திருந்தார்.

எஞ்சினை அணைத்துவிட்டுக் கியர் போடச் சொன்னார் தங்கராசு. எல்லாம் வழுக்கிக்கொண்டு விழுந்தது. எஞ்சின் ஓடும்போது மட்டும் கறகறவென்று கத்தியது. ரிவர்ஸ் விழவே இல்லை. அப்படியென்றால் கியர்பாக்ஸில் கோளாறு இல்லை, கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. இதுவரை அவர் கணக்கு சரி. கிளட்ச் ஆயிலைப் பார்த்தார், குழாயில் இருந்த காற்றை எடுத்தார். பிறகு வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு சோமசுந்தரத்தைக் கிளட்ச் பெடலை மிதிக்கச் சொன்னார். அடியில் கிளட்சைத் தள்ளும் தண்டு பாதி தூரம்தான் நகர்ந்தது.

"முழுசா மிதிடா."

"மிதிச்சிக்கினுதாண்ணே இருக்கேன்."

சோமசுந்தரம் போன வருடம் பைக்கிலிருந்து விழுந்தவன். இடது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடப்பான். தங்கராசுவுக்கு அது போதுமாக இருந்தது. வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டே, "வண்டி நல்லாத்தாங்க இருக்கு. இவன் கால்லதான் பலமில்ல" என்றார் முதலாளியிடம். அந்த வாரமே சோமசுந்தரத்துக்கு வேலை போயிற்று.

புதிதாக வந்த ஓட்டுநருக்கு இரண்டு காலும் திடமாகவே இருந்தன. அவனும் அதே வேனை அதே குறையோடு கொண்டுவந்து நிறுத்தினான். இந்த முறை தங்கராசு தானே ஏறி உட்கார்ந்து மிதித்தார். பெடல் பாதியில் எதிலோ முட்டி நின்றது. குனிந்து பார்த்தார். பெடலுக்குக் கீழே கனத்த ரப்பர் உப்பிக்கொண்டு நின்றது.

சுரங்கத்தில் கழித்துப்போட்ட கன்வேயர் பெல்ட் துண்டு. இந்த ஊரில் வாசல் மிதியடியும் அதுதான், மாட்டுக்கொட்டகைத் தரையும் அதுதான். வேனின் தரைத்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்தபோது, மழைத்தண்ணீர் தெறிக்காமல் இருக்க அதை வெட்டிப் போட்டுத் திருகி வைத்தது வேறு யாருமில்லை, தங்கராசுதான். திருகு கழன்று பெல்ட் மேலே எழும்பியிருந்தது.

அதைப் பிடுங்கி எறிந்தார். ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது. ஒருத்தன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று அவருக்குத் தன்மீதே வெறுப்பாக இருந்தது. அன்றைக்கு ஒரே ஒரு தடவை ஏறி மிதித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நொண்டுகிற காலைப் பார்த்ததும் மற்றதைப் பார்க்கத் தோன்றவில்லை.

கடையை அப்படியே விட்டுவிட்டு ஜெயப்பிரகாஷிடம் போய் உள்ளதைச் சொன்னார். இன்னொரு வேன் சும்மாதான் நிற்கிறது, சோமசுந்தரத்தை வரச் சொல்லுங்கள் என்றார் முதலாளி.

சோமசுந்தரம் வீட்டில்தான் இருந்தான். தங்கராசு உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். "தப்பு என்னுதுதாண்டா. உன் கால்ல ஒண்ணுமில்ல. நாளைக்கே வண்டிக்குப் போ."

அவன் மனைவி செங்கமலம்தான் பேசினாள். "போன வாரம் ஸ்கூல் வேனுக்குக் கூப்ட்டாங்கண்ணே. புள்ளைங்க ஏறுற வண்டி, இந்தக் கால வெச்சிக்கினு ஓட்டக்கூடாதுன்னு இவருதான் வேணான்னுட்டாரு."

தங்கராசுவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "கால் நல்லாத்தாண்டா இருக்கு. நான் சொல்றேன்ல" என்றார்.

சோமசுந்தரம் தன் காலைத் தடவிக்கொண்டிருந்தான். குரலில் கோபமே இல்லை.

"அன்னைக்கும் நீங்கதானண்ணே சொன்னீங்க."