ரோலரைப் பார்க்க வாராவாரம் போனோம்

1. ஷெட் காலியான சாயங்காலம்

திண்டுக்கல்லுக்கு வெளியே வேடசந்தூர் ரோட்டில் ஒரு நூற்பாலையில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பஞ்சு உள்ளே வந்து நூலாகி, கோனில் சுற்றி வெளியே போகிறவரை எங்கே எது மக்கர் செய்தாலும் முதலில் என் பெயர்தான் அடிபடும். வருடக்கணக்காக மிஷின் சத்தத்தில் நின்று, இப்போதும் வீட்டில் கத்தித்தான் பேசுகிறேன். என் மனைவி இதற்காக என்னிடம் சண்டை போடாத நாளில்லை.

தீபாவளி, பொங்கல் என்றால் மில்லை நிறுத்துவோம். ஆனால் பட்டென்று நிறுத்த மாட்டோம். ரிங் ஃப்ரேம் என்கிற முறுக்கேற்றும் மிஷினில் ரப்பர் ரோலர்கள் இருக்கும். மேலிருந்து ஒரு கை, நாங்கள் ‘ஆர்ம்’ என்போம், அவற்றை அழுத்திப் பிடித்திருக்கும். மிஷின் பல நாள் நிற்கப்போகிறது என்றால் ஒவ்வொரு ஆர்மையும் தூக்கிவிட்டுத்தான் போகவேண்டும். தூக்காமல் போனால் ரப்பர் ஒரு பக்கம் சப்பையாகிவிடும். அப்புறம் ஓட்டினால் நூல் ஓரிடத்தில் தடியாகவும் ஓரிடத்தில் மெலிசாகவும் வரும். அந்த நூலை எவனும் வாங்க மாட்டான்.

கொரோனா ஊரடங்கு வந்த அந்த மார்ச் மாதம் இதற்கெல்லாம் நேரமே கிடைக்கவில்லை. ஆபீசிலிருந்து போன் வந்தது. “மாஸ்டர், ஆறு மணிக்கு மேல பஸ் ஓடாதாம். எல்லாரையும் அனுப்பி விட்டுருங்க.” ரெட்டியார்சத்திரம் பக்கத்துப் பெண்கள் சாப்பாட்டுத் தூக்கைக் கையில் எடுத்துக்கொண்டு வேனுக்கு ஓடினார்கள். மெயினை அணைத்தேன். ஆர்ம்களைத் தூக்க ஆள் இல்லை.

2. பாஸ்

இரண்டாம் நாள் காலையிலேயே முதலாளி கூப்பிட்டார். அப்பா நடத்திய மில்லை எடுத்து நடத்துகிறவர், நாற்பதைத் தாண்டியவர், கெட்ட மனுஷர் இல்லை.

“மாஸ்டர், ஆர்ம் தூக்கியாச்சா?”

“எங்க சார், அவங்கவங்க வீட்டுக்கு ஓடுறதுக்கே நேரம் பத்தல.”

“ஐயையோ! ரோலர் போச்சுன்னா நானும் போச்சு மாஸ்டர். என்ன செலவானாலும் பாத்துக்கலாம், பாஸ் வாங்குறேன்.”

வாங்கிவிட்டார். கலெக்டர் ஆபீசில் யாரைப் பிடித்தாரோ தெரியாது. எனக்கும் ஒரு ஃபிட்டருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் பாஸ் கிடைத்தது. போலீஸ்காரர்கள் மூன்று இடத்தில் நிறுத்தி, எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போகவிட்டார்கள். வரிசை வரிசையாக ஆர்ம்களைத் தூக்கினோம். அன்றிலிருந்து வாரம் தவறாமல் போனோம். ஒவ்வொரு ஃப்ரேமையும் கொஞ்ச நேரம் வெறுமனே ஓட்டினோம், எலி கடித்த ஒயரை மாற்றினோம், ஷெட்டில் ஈரப்பதம் பார்த்தோம். முடித்ததும் முதலாளிக்குப் போன். “மிஷினெல்லாம் நல்லாருக்கா மாஸ்டர்?” “நல்லாருக்கு சார்.” அவர் பெருமூச்சு விடுவது போனிலேயே கேட்கும்.

3. யாருக்கும் வேண்டாத நூல்

நாட்டின் பொருளாதாரம் படுத்துவிட்டது என்று டிவியில் தினமும் பேசினார்கள். எனக்கு அது புரிந்தது எங்கள் குடோனில்தான். வெளிநாட்டில் துணிக்கடைகள் ஷட்டரை இறக்கின. அங்கே சட்டை விற்கவில்லை என்றதும் திருப்பூருக்கு வந்த ஆர்டர் ரத்தானது. திருப்பூர்க்காரர் எங்களுக்குப் போன் போட்டு, “லோடு அனுப்பாதீங்க” என்றார். கோன் பெட்டிகள் குடோனில் கூரைவரை ஏறின. நாங்கள் பஞ்சு வாங்கவில்லை. எங்கோ ஒரு விவசாயி வீட்டில் பருத்தி மூட்டை அப்படியே கிடந்திருக்கும். நான் ஒருபோதும் பார்க்கப்போகாத ஊரில் பூட்டிய ஒரு கடை, எங்கள் ஊர்ப் பெண்ணின் அடுப்புவரை வந்துவிட்டது. இதற்குப் பொருளாதார நிபுணர்கள் ஏதாவது பெயர் வைத்திருப்பார்கள்.

பிறகு, யாரும் எதிர்பார்க்காதபடி, மழைக்காலம் பிறக்கும்போது காற்று திசை மாறியது. வீட்டிலேயே அடைந்து கிடந்த வெளிநாட்டுக்காரர்கள் பனியனும் துண்டும் படுக்கை விரிப்புமாக வாங்க ஆரம்பித்தார்கள். படுத்த நாடுகள் எழுந்திருக்கிற அவசரத்தில் எல்லோருக்கும் நூல் வேண்டியிருந்தது. “எம்புட்டு இருந்தாலும் அனுப்புங்க” என்றார் அதே திருப்பூர்க்காரர். முதலாளி ஒரு பெரிய ஆர்டரை ஒப்புக்கொண்டார். அதை முடித்தால்தான் கடன் கொடுத்த பேங்க்காரன் பொறுப்பான். முடிக்காவிட்டால் இரண்டாவது ஷெட்டை நிரந்தரமாக மூடவேண்டியதுதான் என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அந்த ஷெட்டை நம்பி இருநூறு குடும்பமாவது இருந்தது.

ரோலர் எல்லாம் உருண்டையாக, புதுசு போல இருந்தது. பஞ்சும் வந்திறங்கியது. ஆட்கள்தான் வரவில்லை. எங்களிடம் வேலை பார்த்த ஒடிசா, பீகார்ப் பையன்கள் ரயில் ஏறிப் போனவர்கள் போனவர்கள்தான். வேன் நம் ஊர்ப் பெண்களை அழைத்துவரக் கிராமத்துக்குப் போய் ஹாரன் அடித்துவிட்டுப் பாதி காலியாகத் திரும்பியது. முதலாளி, “சோம்பேறித்தனம் மாஸ்டர், இலவச அரிசி வாங்கிப் பழகிட்டாங்க” என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர்களையே கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன்.

4. வெண்டைக்காய்க் காட்டில்

பஞ்சவர்ணம் எங்கள் மில்லில் சைடர். மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அறுந்த இழையைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொண்டு, ஷிஃப்ட் முழுக்க நடப்பதுதான் சைடர் வேலை. அவள் கை வேகம் யாருக்கும் வராது. ரெட்டியார்சத்திரத்துக்கு உள்ளே தள்ளி அவள் ஊர். அவள் வந்தால் அந்தப் பக்கத்து முப்பது பெண்களும் வருவார்கள், அவள் வராவிட்டால் ஒருத்தியும் வரமாட்டாள்.

வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்தாள். கையில் கிழிந்த சாக்ஸை உறையாக மாட்டியிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

“வாங்க மாஸ்டர். காப்பி குடிக்கிறீகளா?”

“காப்பி கெடக்கட்டும். ஏம்மா வேலைக்கு வரல? கூலி கூட்டித் தரச் சொல்றேன்.”

“இங்கிட்டு மில்லுக் கூலில பாதிதான் தாராக. கை வேற அரிக்குது.”

“பெறகென்ன?”

அவள் கூடையைக் கீழே வைத்தாள். “இந்தக் காட்டுக்காரரு, ஒரு நா நான் வரலைன்னா ஆள் விட்டுக் கேக்குறாரு மாஸ்டர். என்னாச்சு, காச்சலா, சாப்டியான்னு. ஊரடங்குல எம் வீட்டுக்காரருக்கு லோடு இறக்குற வேலை போயிருச்சு. எம் மகளுக்கு மூணு நாளு வெறும் கஞ்சிதான் ஊத்துனேன், தொட்டுக்க வெஞ்சனம்னு ஒண்ணுமில்ல. மில்லுலருந்து யாராச்சும் போன் போட்டு, இருக்கியா செத்தியான்னு கேட்டாகளா?”

அவள் அதோடு விடவில்லை.

“நீங்க மூணு பேரும் வாராவாரம் மிஷினப் பாக்கப் போனீகளாமே. பாஸெல்லாம் வாங்கி. எங்க ஊருக்கு அம்புட்டுத் தூரமா?”

ஃபிட்டர் சொல்லியிருப்பான், வாயாடி. தூரம் ஒன்றுமில்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். வெட்கமாக இருந்தது. மற்ற பெண்களும் பறிப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள்.

“சரி, என்ன செஞ்சா வருவ?”

“மொதலாளி வந்து கூப்பிடட்டும்.”

5. முதலாளி செருப்பில் மண்

“நான் எதுக்கு மாஸ்டர் போகணும்?” என்றார் முதலாளி. “ரோலருக்காக நீங்க கலெக்டர் ஆபீஸ் வாசல்ல நின்னீங்களே சார்” என்றேன். அத்தனை வருடத்தில் அவரிடம் நான் குரல் உயர்த்தியது அன்றுதான். அவர் கார்ச் சாவியை எடுத்தார்.

பாத்தி வரப்பில் நடக்கத் தெரியாமல் சேற்றில் கால் வைத்தார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

“உம் பேரு என்னம்மா?” என்று பஞ்சவர்ணத்திடம் கேட்டார்.

மகள் பால்குடி மறந்த வருடம் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். அந்த மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். இருந்தும் நிதானமாகப் பெயரைச் சொன்னாள்.

“ஆர்டர் நிக்குதும்மா. நீங்கள்லாம் வந்தாத்தான் உண்டு.”

“வாரோம் சார். ஆனா மில்லு மறுபடி நின்னா, பாதிச் சம்பளமாச்சும் வரணும். வாரத்துக்கு ஒருக்கா ஆள் வந்து ஊர் ஊரா எங்களப் பாக்கணும்.”

“பாக்கலாம்மா.”

“நீங்க பாக்கலாம்னா, நாங்களும் பாக்கலாம்னுதான் சொல்லணும்.”

முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. “சரிம்மா, செய்றேன். மாஸ்டர் சாட்சி” என்றார். பறிப்பு முடியும்வரை காட்டுக்காரரை அம்போவென்று விட்டு வர முடியாது என்றாள். ஒரு வாரம் கழித்துத்தான் வந்தார்கள். ஆர்டர் தாமதமாகத்தான் போனது, ஆனாலும் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது ஷெட் மூடவில்லை.

6. மறுபடியும்

அடுத்த கோடையில் நோய் திரும்ப வந்தது, முன்னைவிட மோசமாக. மில் நின்றது. இந்த முறை ஆர்ம்களைத் தூக்க ஃபிட்டரை அனுப்பிவிட்டு, நான் வேனில் ஏறினேன். முதலாளி சொன்ன வாக்கைப் பாதிதான் காப்பாற்றினார். சம்பளத்தில் கொஞ்சம் இழுத்தடித்தார், நான் விடாமல் நச்சரித்தேன். ஆனால் வேன் ஒரு வாரமும் தவறவில்லை.

மூன்றாம் வாரம் பஞ்சவர்ணம் வாசலுக்கு வரவில்லை. உள்ளே படுத்திருந்தாள். “சளிதான் மாஸ்டர்” என்று சொல்வதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கினாள். ஆக்சிஜன் அளவை விரலில் மாட்டிப் பார்க்கிற கருவியை முதலாளி வாங்கிக் கொடுத்திருந்தார். அதில் தெரிந்த எண்ணைப் பார்த்ததும் டிரைவர் கேட்காமலே வேனைத் திருப்பினார். திண்டுக்கல் பெரியாஸ்பத்திரியில் வராந்தாவில்தான் இடம் கிடைத்தது, ஆனால் ஆக்சிஜன் கிடைத்தது. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். இளைத்துக் கறுத்துப்போய் வீடு திரும்பினாள். இரண்டு மாதம் கழித்து வேலைக்கு வந்தபோது, கை பழைய வேகத்துக்கு வர நாளானது.

நான் ஓய்வு பெற்ற வருடம் டிவியில் ஒரு வரைபடம் காட்டினார்கள். நாட்டின் பொருளாதாரம் விழுந்து எழுந்த கோடு அது. செங்குத்தாக இறங்கி, செங்குத்தாக ஏறியிருந்தது. நிபுணர் சந்தோஷமாக விளக்கினார். நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு வேன் போகாமல் இருந்திருந்தால் பஞ்சவர்ணம் இருந்திருக்க மாட்டாள். கோடு இதே மாதிரிதான் ஏறியிருக்கும்.

இன்றைக்கு மில்லில் பொறுப்பில் இருக்கும் இளைஞர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கோடு தானாக ஏறிக்கொள்ளும். நீங்கள் ஆட்களைப் போய்ப் பாருங்கள்.