கண்காட்சிக்கு வந்த வள்ளப் பலகை

யாழ்ப்பாணத்தை விட்டு வந்து, முள்ளியவளையில் ஒரு கொட்டிலில் இருந்தபடி பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் அடுத்த வளவில், முல்லைத்தீவுக் கரையிலிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு அக்கா பிள்ளைகளோடு இருந்தார். அவருடைய கணவர் கடலுக்குப் போய் எட்டு மாதமாகத் திரும்பவில்லை. கடற்படையிடம் பிடிபட்டுத் தெற்கில் எங்கோ மறியலில் இருக்கிறாராம் என்று யாரோ சொன்ன கதையை நம்பி, அக்கா என்னைக்கொண்டு சிறைச்சாலைகளுக்குக் கடிதம் எழுதுவித்துக்கொண்டே இருந்தார். ஒன்றுக்கும் பதில் வரவில்லை.

புதுக்குடியிருப்பில் ஒரு பள்ளிக்கூடத்தில் பெரிய ஓவிய, சிற்பக் கண்காட்சி நடப்பதாகக் கேள்விப்பட்டேன். "ஒரு நாளைக்கெண்டாலும் வெளிக்கிடுங்கோ அக்கா, மனம் கொஞ்சம் மாறும்" என்று நான்தான் வற்புறுத்தினேன். சின்னவர்களை மூத்த மகளோடு விட்டுவிட்டு, கணவரின் சைக்கிளில் அவரும் என்னுடையதில் நானுமாக வெளிக்கிட்டோம்.

அவ்வளவு சனத்தை நான் திருவிழாவில்தான் பார்த்திருக்கிறேன். வட்டக்கச்சியிலிருந்துகூட உழவு இயந்திரப் பெட்டிகளில் வந்திருந்தார்கள். வகுப்பறைகள் போதாமல் விளையாட்டு மைதானத்திலும் கிடுகுக் கொட்டகைகள் போட்டிருந்தார்கள். சாயத்துக்குத் தட்டுப்பாடு. செங்கல் தூள், கரி, மஞ்சள், உடுப்புக்குப் போடும் நீலம் எல்லாம் கரைத்து, மா வந்த சாக்குகளில் வரைந்திருந்தார்கள். ஓர் அறையில் ஓவியமே இல்லை. விட்டுவந்த வீடுகளின் பூட்டுகளுக்கான திறப்புகள் நூறு இருக்கும், கூரையிலிருந்து நூலில் தொங்கின.

மைதானத்தில் ஒரு பதுங்குகுழி வெட்டி, உள்சுவரில் ஒரு வீட்டு விறாந்தையைக் கீறியிருந்தார்கள். கதிரை, அலுமாரி, யன்னல் திரை, மேசையில் பூச்சாடி. "இஞ்ச பாருங்கோ ரீச்சர், பங்கருக்குள்ள அலுமாரி!" என்று அக்கா சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் கண்டேன். கூட்டிவந்தது நல்லது என்று நினைத்தேன்.

மத்தியானத்துக்குப் பிறகு கடைசிக் கொட்டகைக்குப் போனோம். கடற்கரையில் ஒதுங்கிய பொருட்களைக் கொண்டு ஒருவர் செய்திருந்த சிற்பங்கள் அங்கே இருந்தன. நடுவில் ஒரு மணற்குவியல். அதில் ஆளுயரத்துக்கு ஒரு வள்ளப் பலகை நட்டிருந்தது. பச்சையும் நீலமும் கலந்த பூச்சு. இடுப்பளவில் பால்மா ரின்னை வெட்டி ஆணி அறைந்த ஒட்டு.

அக்கா சுற்றிக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிப் போய் அந்தத் தகரத்தைத் தடவினார். செய்தவர் ஓடிவந்தார். முப்பது வயதிருக்கும், சித்திரம் படிப்பிப்பவர்.

"அக்கா, தொடாதேங்கோ."

"தம்பி, இது எங்கட வள்ளம்."

"அப்பிடிக் கன வள்ளம் இருக்கும் அக்கா…"

"தகரத்தைக் கழட்டிப் பாருங்கோ. உள்ளுக்கு என்ர சீலைத்துண்டு கிடக்கும். மஞ்சள் கரை. ஓட்டையை அடைக்க நான்தான் தாரில தோய்ச்சுக் குடுத்தனான்."

சித்திர ஆசிரியர் என்னைப் பார்த்தார். ஒரு ஆணி இழுப்பானைக் கொண்டுவந்து ஆணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். சுற்றிலும் சனம் கூடிவிட்டது. தகரம் விலகியதும் கறுத்துக் காய்ந்த துணி தெரிந்தது. அவரே நகத்தால் தாரைச் சுரண்டினார். மஞ்சள் கரை.

அக்கா அழவில்லை. "எங்க எடுத்தனீங்கள்?" என்று கேட்டார்.

"அளம்பில் கரையில. நாலைஞ்சு மாதம் இருக்கும்."

"வேற ஒண்டும் கிடக்கேல்லையோ?"

"இல்லை அக்கா. இது மட்டுந்தான்."

அக்கா குனிந்து பலகையின் அடியைப் பார்த்தார். அது வாளால் நேராக அரியப்பட்டிருந்தது.

"இதின்ர மிச்சம்?"

"நேரா நிக்கேல்லையெண்டு நான்தான் அரிஞ்சனான்." தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "அந்தத் துண்டை அடுப்புக்கு வைச்சிட்டம்."

அப்போதுதான் அக்கா மணலில் குந்தி இருந்துவிட்டார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன், குடிக்கவில்லை. கண்காட்சி முடிந்த பிறகு தரலாம் என்று பொறுப்பாக இருந்த ஒருவர் சொல்ல வந்தார். சித்திர ஆசிரியர் அவரைக் கணக்கெடுக்காமல் பலகையைப் பிடுங்கி, அக்கா கொண்டுவந்த சைக்கிளில் நீளவாட்டில் வைத்துக் கட்டினார். ஏறி ஓட இடமில்லை. முள்ளியவளை வரை அக்காவும் நானும் சைக்கிள்களை உருட்டிக்கொண்டே நடந்தோம்.

அடுத்த கிழமை அக்கா தேவாலயத்துப் பாதரிடம் போய், இறந்தவருக்குரிய பூசை ஒப்புக்கொடுக்கச் சொன்னார். உடல் கிடைக்காமல் எப்படி என்று சொந்தக்காரர்கள் சண்டை பிடித்தார்கள். அவர் கேட்கவில்லை. பூசைக்கு நானும் போனேன். மூத்த மகள் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் கூட்டிக்கொண்டு போயிராவிட்டால் அவளுடைய அப்பா அவள் மனதில் இன்னமும் மறியலில் இருந்திருப்பார்.

பூசை முடிந்து வெளியே வந்த அக்காவின் கையைப் பிடித்து, "உங்களைக் கூட்டிக்கொண்டு போனது என்ர பிழை" என்றேன்.

"பிழையோ சரியோ, எனக்குத் தெரியேல்லை ரீச்சர்," என்றார். "இனிக் கடிதம் எழுத வேண்டாம்."