சம்பளமில்லாத வெளிநாட்டுக்குப் போய்வந்த எங்கள் அக்கா

அக்கா எங்களை விட்டுப் பிரிந்து இன்றோடு ஓராண்டு. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அவரைப் பற்றி உயிரோடு இருந்தபோது ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. அக்கா அதைப் பொறுத்துக்கொண்டார். தங்கையான எனக்கு அந்தக் குணம் வாய்க்கவில்லை என்பதை முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

தேங்காய்ப்பட்டணத்தை அடுத்த எங்கள் வீட்டில் மூத்தவராகப் பிறந்தார் அக்கா. மீன்வண்டி ஓட்டிய அப்பா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கப் போய் எங்கள் மூவரையும் படிக்க வைத்தார். பாலிடெக்னிக்கில் குளிர்சாதனப் பிரிவில் அக்கா ஒருவர்தான் பெண். படித்து முடித்ததும் ஜெர்மனி செல்ல ஒரு பரிமாற்ற உதவித்தொகை கிடைத்தது. இங்குள்ள இளைஞர்கள் அங்கே போய் ஓராண்டு தொழில் பழகுவார்கள், அங்கிருந்தும் சிலர் இங்கே வருவார்கள். தங்க இடமும் சாப்பாடும் உண்டு, சம்பளம் கிடையாது. பழகிய தொழிலை ஊருக்குத் திரும்பி வந்து செய்ய வேண்டும்.

இதைச் சொந்தக்காரர்களுக்குப் புரியவைக்க அக்கா பட்ட பாடு கொஞ்சமல்ல. அவர்களுக்கு வெளிநாடு என்றால் வளைகுடா; ஒருவர் போனால் பெட்டியோடு திரும்ப வேண்டும். திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு இரண்டு வேன் நிறைய வந்து வழியனுப்பினார்கள். சென்ட், போர்வை, டார்ச் லைட் என்று ஆளுக்கொரு பட்டியலும் கொடுத்தார்கள்.

ஓராண்டு கழிந்து, பெட்டி பிரிக்கும் நேரத்துக்கு அதே கூட்டம் சரியாக வந்து உட்கார்ந்தது. அம்மா எல்லோருக்கும் சாயா போட்டுக் கொடுத்தார். பெட்டிக்குள் இருந்தவை கேஸ் அளக்கும் கேஜ், குழாய் வளைக்கும் கருவி, திருப்புளிகள், எண்ணெய்க் கறை படிந்த வேலையுடுப்பு இரண்டு. ஒவ்வொன்றையும் எடுத்து, இது எதற்கு, அது எதற்கு என்று அக்கா சந்தோஷமாக விளக்கினார். பெரியப்பா பாதியிலேயே எழுந்துவிட்டார்.

“ஏட்டி, ஒரு வருசம் வெளிநாட்டுல நின்னுட்டு இந்தத் திருப்புளியத்தான் கொண்டு வந்தியா?”

சாயாவை மட்டும் யாரும் மிச்சம் வைக்கவில்லை.

துறைமுகத்தில் பெரியப்பாவுக்கு ஐஸ் கம்பெனி இருந்தது. அக்கா அங்கேயே வேலை கேட்டுப் போனார். பெண்பிள்ளை கை வைத்தால் மெஷின் விளங்காது என்றார் பெரியப்பா. ஆனால் ஆயுத பூஜை வந்தால் மெஷினுக்குச் சந்தனம் வைக்க ஆள் அனுப்பிக் கூப்பிடுவார். அன்று ஒரு நாள் மட்டும் அந்தக் கை ஆகும் போலிருக்கிறது.

அக்கா பக்கத்து ஊரான புதுக்கடையில் சொந்தமாக ஒரு சின்ன ஒர்க்‌ஷாப் போட்டார். தையல் கடையில் இருந்த சுஜி என்ற பெண் அவரோடு சேர்ந்து தொழில் பழகிக்கொண்டார். மீன்கடை, மருந்துக்கடை என்று சுற்றுவட்டாரத்து ஃப்ரிட்ஜ்கள் எல்லாம் இந்த இருவர் கையில்தான் ஓடின. மாப்பிள்ளை வீட்டார் வந்து, அக்காவின் நகக்கண்ணில் இருந்த கறையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் அதற்காக அழுததில்லை. சொந்த ஊரில் தன்னை ஒரு மெக்கானிக் என்று ஒத்துக்கொள்ள வேண்டும், அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதைக் கொடுக்க உங்களுக்கு மனம் வரவில்லை.

பிறகு புற்றுநோய் வந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தவர்கள், ஜெர்மனிக் குளிர்தான் உடம்பைக் கெடுத்தது என்று கண்டுபிடித்துச் சொன்னார்கள். டாக்டர்களுக்குத் தெரியாததெல்லாம் எங்கள் சித்திமாருக்குத் தெரியும்.

துபாயிலிருந்து தம்பி வந்து சேரும்வரை அக்காவின் உடலை ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருந்தோம். மறுநாள் காலையில் பெட்டி ஓடாமல் நின்றுவிட்டது. வாடகைக்கு விட்டவர் போனை எடுக்கவில்லை. கண்ணாடியில் நீர் கோக்க, அம்மா முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார். சுஜி தன் பையோடு முன்னே வந்தார். ஆண் மெக்கானிக் ஒருவருக்குச் சொல்லியிருக்கிறது, சாவு வீட்டில் விளையாட்டு வேண்டாம் என்று பெரியப்பா மறித்தார். அவருக்கு எதிரே அதுவரை வாய் திறந்தறியாத அம்மா எழுந்தார்.

“இது எனக்க மவளுக்க தொழில். அத்தான், நீரு மாறி நில்லும்.”

சுஜி பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தார். மோட்டாரைக் கிளப்பிவிடும் ரிலே போயிருந்தது. பையிலிருந்து வேறொன்றை எடுத்து மாட்டினார். பெட்டி ஓடத் தொடங்கியது. கரண்ட் வந்திருக்கும் என்று பெரியப்பா பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நோயில் கிடந்த அக்காவுக்குத் தினமும் தலைசீவி விட்ட நர்ஸ் சகோதரிக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் வந்த ஆட்டோ ஓட்டுநருக்கும், கஞ்சி கொடுத்துவிட்ட பக்கத்து வீட்டாருக்கும், சுஜிக்கும் எங்கள் நன்றி. இவர்களில் ஒருவர்கூடச் சொந்தக்காரர் இல்லை.

அச்சகத்தாருக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். இந்த மலரின் அட்டையில் அக்காவின் பெயருக்குக் கீழே ‘மெக்கானிக்’ என்று போடும்படி அம்மா சொல்லியிருந்தார். அதை எடுத்துவிட்டு ‘ஜெர்மனி ரிட்டர்ன்’ என்று மாற்றச் சொல்லிப் பெரியப்பா அவர்களுக்குப் போன் செய்திருக்கிறார். அவர்கள் மாற்றாமல் அம்மாவிடம் கேட்டார்கள். அம்மா பஸ் ஏறி அச்சகத்துக்கே போய், அந்த எழுத்தை இன்னும் பெரிதாகப் போடச் சொல்லிவிட்டு வந்தார்.

– தங்கை