றைஸ் லேக்கில் சொல்லாமல் விட்டது

என் கணவருக்கு மீன்பிடிப் பைத்தியம். அதற்கு வேறு மரியாதையான பெயர் கிடையாது. தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் கனடாவில், டோர்செட் பார்க்கில் பதினான்காம் மாடியில் குடியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை சனம் எல்லாம் கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் போக, இவர் ஒரு வாளியும் தூண்டிலுமாகப் பிக்கரிங் பக்கம் ஏரிக்கரையில் போய் நிற்பார். பின்னேரம் கையளவு மீன் இரண்டோடு வருவார். இதைச் செதில் எடுக்கிற நேரத்துக்குக் கடையில் மீன் வாங்கிக் குழம்பே வைத்து இறக்கியிருப்பேன் என்று ஏசுவேன். "ஏசும், ஏசும். குழம்பு கொதிக்கேக்க மட்டும் ஏசாதையும், உப்புக் கூடிப் போடும்," என்பார். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அவருக்கு அது எங்கே இருந்ததென்று கலியாணம் கட்டிப் பன்னிரண்டு வருஷமாகியும் நான் கண்டதில்லை.

அவர் வேலை செய்த பிளாஸ்டிக் தொழிற்சாலையின் கோடைக்காலப் பிக்னிக்கில், குலுக்கலில் அவருடைய இலக்கம் விழுந்தது. பரிசு, றைஸ் லேக்கில் இரண்டு பேருக்கு ஒரு நாள் மீன்பிடி, படகோடும் கைட்டோடும். கைட் என்றால் படகை ஓட்டி, மீன் நிற்கிற இடத்துக்குக் கொண்டுபோய், தூண்டிலும் கட்டித் தருகிற ஆள். "ஏரிக்கே சோத்தின்ர பேர். தமிழன் போகாமல் இருக்கலாமோ?" என்று இவர் துள்ளினார். அங்கே பாஸ் என்றொரு மீன் பிடிபடும் என்று பரிசோடு தந்த துண்டுக் காகிதத்தை நான் படித்துச் சொன்னதும், "ஊரில பாஸ் எண்டா வீடு கட்டுறவர். இஞ்ச தண்ணிக்குள்ள நிக்கிறாரோ?" என்றார். அந்தப் பகிடியைத் தொழிற்சாலையில் வேலை செய்த தமிழ் ஆட்கள் அத்தனை பேருக்கும் சொல்லி முடித்தார். கைட்டுக்கு ஒக்டோபர் கடைசியில்தான் நாள் கிடைத்தது. இரண்டாவது ஆளாக நான் போனதற்குக் காரணம் ஆசை இல்லை. ஆங்கிலம்.

இவருக்கு ஆங்கிலம் ஓடாது. கனடாவுக்கு வந்து பார்க்டேலில் இறங்கிய நாளிலிருந்து அகதிக் கேஸ், வீட்டு வாடகை, வேலை, வங்கி என்று எல்லாம் என் வாயால்தான் அவருக்குப் போனது. அவருடைய பதிலும் என் வாயால்தான் வெளியே போனது. யாராவது ஏதாவது சொன்னால் அவர்களைப் பார்க்கமாட்டார், என்னைப் பார்ப்பார். "என்னவாம்?" என்பார். அது எங்கள் வீட்டில் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கேட்கும்.

ஓகஸ்டில் அவருக்குச் சாப்பாடு இறங்காமல் போனது. வயிற்றைப் பொத்திக்கொண்டு வேலைக்குப் போய் வந்தார். செப்டம்பரில் டொக்டர் எங்கள் இருவரையும் இருத்தி வைத்துப் பேசினார். கட்டி இரைப்பையில் தொடங்கி ஈரலுக்குப் போய்விட்டது, வெட்டி எடுக்க முடியாது, மாதக் கணக்குத்தான் என்றார். தூரத்தில் யாரையாவது பார்க்க வேண்டுமென்றால் உடம்பில் பெலம் இருக்கும்போது இப்போதே போகட்டும், பிறகு விமானம் ஏற முடியாது என்றார். நான் தமிழில் சொல்வதற்கு இடம் விட்டு, வசனத்துக்கு வசனம் நிறுத்தினார். 'கான்சர்' என்ற சொல்லை மட்டும் ஏனோ அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இவருக்கே விளங்கியிருக்கும்.

"என்னவாம்?" என்றார் இவர்.

"புண்ணாம். இரைப்பையில பெரிய புண். ஆற நாள் எடுக்குமாம், குளிசை தருவினமாம்," என்றேன்.

அவருக்கு விளங்கியதா என்று டொக்டர் கேட்டார். விளங்கியது என்றேன். இவர் எழும்பி, சிரித்துக்கொண்டு, "தாங்க்யூ டொக்டர்," என்று கை கொடுத்தார்.

எங்கள் ஆட்களிடம் வருத்தக்காரருக்கு வருத்தத்தின் பெயரைச் சொல்லுகிற வழக்கம் இல்லை. ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும், கட்டிலில் கிடக்கிறவருக்கு மட்டும் தெரியாது. லண்டனில் இருந்த என் அண்ணாவுக்குப் போனில் சொல்லி அழுதேன். "சொல்லிப் போடாதை. சொன்னா மனிசன் அண்டைக்கே படுத்திடுவார்," என்றார். மற்றவர்களும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் இவருடைய அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து பாடுபட்டு வெளிக்கிட்டு, கொழும்பில் வெள்ளவத்தையில் ஒரு அறையில் இருந்தா. மகனைக் கண்டு பதினொரு வருஷம். எங்களுக்குக் கனடாப் பாஸ்போட் வந்து அலுமாரியில் இருந்தது. ஏப்ரலில் லீவு எடுத்துக்கொண்டு போவது என்று இவர் முடிவெடுத்து, அம்மாவுக்கும் சொல்லிவிட்டார். ஏப்ரல் வரைக்கும் இவர் இருக்கமாட்டார் என்பது எனக்குத் தெரியும். அந்த மனுஷியை நினைக்க நினைக்க எனக்கு நித்திரை வரவில்லை.

கடைசியில் படகில் வைத்துச் சொல்வது என்று தீர்மானித்தேன். வீட்டில் சொன்னால் எழும்பி வெளியே போய்விடுவார், அல்லது யாராவது கதவைத் தட்டுவார்கள். ஏரி நடுவில் போக இடமில்லை. கைட்டுக்குத் தமிழும் தெரியாது. சொல்லிவிட்டால் அடுத்த கிழமையே கொழும்புக்கு ஏற்றி அனுப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஏரி முழுக்க வெள்ளை நுரை. கரையோர விடுமுறை வீடுகளையெல்லாம் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். எங்களைத் தவிர ஒரு படகு கூட இல்லை. கைட் அறுபது வயது மதிக்கத்தக்க, செம்பட்டைத் தாடி வைத்த ஒரு வெள்ளைக்காரர். இந்தக் காற்றில் திருப்பி அனுப்பிவிடுவார் என்று பார்த்தால், மனிதர் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார். வால்ஐ என்ற மீனுக்குக் கண் கூச்சம், வெயிலில் ஆழத்தில் ஒளிந்துகொள்ளும், காற்று அடித்துத் தண்ணீர் கலங்கினால்தான் தைரியமாகக் கரையோரம் மேய வரும் என்று விளக்கினார். காற்று மோதுகிற கரைக்குத்தான் சின்ன மீன்கள் ஒதுங்கும், பெரிய மீன் பின்னாலே வரும் என்றார்.

"என்னவாம்?"

"காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளட்டாம்," என்றேன்.

"பாத்தீரே, உவருக்கும் தெரிஞ்சிருக்கு," என்று இவர் சந்தோஷப்பட்டார்.

படகு கிளம்ப மறுத்தது. கைட் மோட்டரைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினார், நான் அச்சில் போட முடியாத சொற்கள். "கொஞ்சம் பொறுக்கட்டாம்," என்றேன். "இவ்வளவு நீளமாச் சொன்னதுக்கு இவ்வளவுதானோ?" என்று கேட்டார் இவர். "ஆங்கிலம் அப்பிடித்தான், தண்ணி கூடின குழம்பு மாதிரி," என்றேன். அதை நம்பினார். நான் சொன்னால் நம்புவார்.

காற்று எங்களை விரட்டாமல் இருக்க, கைட் ஒரு துணிப்பையைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் எறிந்தார். அது தண்ணீரைக் குடித்து உப்பி, படகைப் பின்னால் இழுத்துப் பிடித்தது. ஈயக்குண்டு வைத்த கொக்கியில் ஒரு சின்ன மீனைக் குத்தி இவருடைய கையில் கொடுத்தார். ஈயம் அடியில் தட்டுகிறதா என்று கவனிக்க வேண்டும், தட்டுவது நின்றால் தூக்க வேண்டும், அவ்வளவுதான் பாடம். நான் அதைத் தமிழில் சொல்லி முடிக்க முன்னமே இவருடைய தடி வளைந்தது. ஒரு பாஸ். பிறகு இன்னொன்று. கைட் முதுகில் தட்டி, இவருக்கு நல்ல கை என்றார். அதை நான் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. மோட்டர் இரைச்சல் நிற்கட்டும் என்று பார்த்தேன். நின்றதும், சாப்பிட்டு முடியட்டும் என்று ரொட்டியும் கட்டைச் சம்பலும் எடுத்து வைத்தேன். கைட்டும் ஒரு துண்டு கேட்டு வாங்கி, சம்பல் உறைத்து, தாடிக்கும் முகத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் சிவந்துபோனார். இவர் விழுந்து விழுந்து சிரித்தார். தானும் அரை ரொட்டி தின்றார். இரண்டு மாதத்தில் அவர் அவ்வளவு தின்று நான் காணவில்லை. அந்த வாய்க்குள் இந்தச் செய்தியை எப்படிப் போடுவது?

பின்னேரம் தூண்டிலில் ஒரு வால்ஐ மாட்டியது. அது பாஸ் போலத் துள்ளவில்லை, கனத்துப்போய் அடியிலே கிடந்து தலையை ஆட்டியது. இவர் வியர்த்து, மூச்சு வாங்கி, இடைக்கிடை வயிற்றைப் பிடித்துக்கொண்டு, விடாமல் இழுத்தார். வலையில் ஏறியபோது என்னுடைய முழுக் கை நீளம், பொன்னும் பச்சையுமான உடம்பு, பால் வார்த்தது போன்ற கண். கைட் அளந்து பார்த்தார். வைத்துக்கொள்ளலாம், சட்டத்தில் இடமிருக்கிறது, ஆனால் இது பெண் மீன், வசந்தத்துக்கு முட்டை சேர்க்கத் தொடங்கியிருக்கும், உங்கள் விருப்பம் என்றார்.

"பெட்டையோ?" என்று கேட்டுவிட்டு இவர் யோசித்தார். "அப்ப விடுவம். ஏப்ரலில அம்மாவைப் பாத்திட்டு வந்து, மே மாசம் திரும்ப இஞ்ச வருவம். அப்ப பிடிப்பம். என்ன சொல்லுறீர்?"

முழங்காலில் நின்று, மீனை இரண்டு கையாலும் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு, என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இஞ்சேருங்கோ, நான் ஒண்டு சொல்லோணும்," என்றேன்.

"சொல்லும்."

அதற்குள் கைட், இவர் என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார். எனக்குப் பழக்க தோஷம். மே மாதம் திரும்ப வருவாராம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். வரட்டும், சீசன் திறக்கிற முதல் நாளை அவருக்கென்றே வைத்திருப்பேன் என்றார் கைட்.

"என்னவாம்?"

"முதல் நாளை உங்களுக்கெண்டு வைச்சிருப்பாராம்."

இவர் கையை எடுத்தார். மீன் ஒரு முறை வாலை அடித்துவிட்டு இறங்கிப் போனது. கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு எழும்பி, "நீர் என்ன சொல்ல வந்தனீர்?" என்று கேட்டார்.

"குளிருது," என்றேன்.

"அதுக்கேன் உவ்வளவு யோசிச்சனீர்?" என்று சொல்லிவிட்டு, கைட் பக்கம் திரும்பித் தன்னுடைய ஆங்கிலத்தில் தானே, "வைஃப் கோல்ட். கோ ஹோம்," என்றார். இன்னும் ஒன்றரை மணித்தியாலம் பாக்கி இருந்தது. அதை எனக்காக விட்டுக் கொடுத்தார். திரும்பி வரும்போது வாகனத்தில் நித்திரையாகிவிட்டார். நான் ஓட்டிக்கொண்டு வந்தேன், என்னை நானே செருப்பால் அடிக்கவேண்டும் போலிருந்தது.

ஆறின கஞ்சி பழங்கஞ்சி. நாளைக்கு, நாளைக்கு என்று நவம்பர் போனது. டிசம்பரில் அவருக்குப் படி ஏற முடியவில்லை. ஜனவரியில் ஆஸ்பத்திரியில் படுத்தார். அங்கே அதே டொக்டர், இவருடைய அரைகுறை ஆங்கிலத்தோடு இரண்டு நிமிஷம் பேசியதிலேயே, இவருக்கு விஷயம் தெரியாதென்று கண்டுகொண்டார். நான் இருக்கத்தக்கதாகவே மொழிபெயர்ப்புக்கு ஒரு தமிழ்ப் பெண்ணைக் கூப்பிட்டார். முப்பது வயதிருக்கும், கையில் ஒரு குறிப்புப் புத்தகம். அவ கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, புற்றுநோய் என்ற சொல்லைச் சொன்னா.

இவர் அவவிடம்தான் கேட்டார். "எப்ப தெரியும் இவையளுக்கு?"

டொக்டர் தாளைப் புரட்டினார். "செப்டம்பரில," என்றா அவ.

"அப்ப நான் பிளேன் ஏறியிருக்கலாமோ?"

ஏறியிருக்கலாம், அன்றைக்கே அதைச் சொன்னேன் என்றார் டொக்டர். அதையும் அவ தமிழில் சொன்னா, என் பக்கம் பார்க்காமல். இப்போது முடியாது என்பதையும் சொன்னா.

எல்லோரும் போன பிறகு நான் அவருடைய காலைப் பிடித்து அழுதேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன், கத்துவதில் எனக்குப் பழக்கம் உண்டு. அவர் கத்தவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு, "அகதிக் கேஸ் விசாரிக்கேக்க நான் சொன்னதையெல்லாம் சரியாத்தான் சொன்னனீரோ?" என்று கேட்டார்.

"ஐயோ, சத்தியமாச் சரியாத்தான் சொன்னனான்."

"வேற என்ன மாத்திச் சொன்னனீர்?"

"வேற ஒண்டும் இல்லை."

"அதை நான் இனி எப்பிடி அறியிறது?" என்றார். உண்மையிலேயே பதில் வேண்டித்தான் கேட்டார்.

அடுத்த நாள் கட்டிலில் வைத்து வெள்ளவத்தைக்குப் போன் எடுத்துக் கொடுத்தேன். "வயித்தில புண்ணம்மா," என்றார். "ஆறினவுடன வாறன்." என் சொல்லையே எடுத்துச் சொல்லுகிறாரே, மன்னித்துவிட்டாராக்கும் என்று எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அன்று பின்னேரம் டொக்டர் வந்தபோது நான் வழக்கம்போலக் கதிரையை இழுத்துக்கொண்டு கட்டிலுக்குக் கிட்டப் போனேன். இவர் கையைத் தூக்கி மறித்தார். "அந்தப் பிள்ளை வரட்டும்," என்றார். அவ வந்ததும் டொக்டர், மனைவி வெளியே இருக்க வேண்டுமா, உள்ளே இருக்கலாமா என்று அவரையே கேட்கச் சொன்னார். எனக்கு முதலில் விளங்கியது, அவருக்கு அவ சொன்ன பிறகு விளங்கியது. இவர் என்னைப் பார்க்காமல் அவவைப் பார்த்துச் சொன்னார்.

"இவ இருக்கட்டும். ஆனா நீங்கள் சொல்லுங்கோ."

அவ அதை டொக்டருக்கு ஆங்கிலத்தில் சொன்னா. நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு சொல் பிசகவில்லை.